டாப் மாடலா, இருக்கிற வண்டியா?

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் பாலக்கோடு. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. போன வருஷம் செகண்ட் ஹேண்டில் ஒரு மஹிந்திரா தார் ஜீப் வாங்கினேன். 2021 மாடல், டீசல், ஃபோர் வீல் டிரைவ், ஏஎக்ஸ் ஆப்ஷனல் வேரியன்ட். பஞ்சப்பள்ளி அணையைத் தாண்டி மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. மெயின் ரோட்டை விட்டு இறங்கினால் மண் பாதை, நடுவில் ஒரு ஓடை. ஐப்பசி மழை முடிந்து போனபோது வண்டி ஓடை மணலில் மாட்டிக்கொண்டது. 4ஹெச் போட்டும் நகரவில்லை. டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்தோம்.

அதிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு. ஒரு நண்பன், "ரெண்டு இன்ச் லிஃப்ட், 33 இன்ச் மட் டயர், ஸ்டீல் பம்பர், வின்ச் எல்லாம் போட்டுவிடு" என்கிறான். கடையில் கேட்டதற்கு மூன்றரை லட்சம் சொன்னார்கள். மச்சான், "இதை விற்று, மேலே நாலு லட்சம் போட்டு டாப் மாடல் எல்எக்ஸ் எடுத்துவிடுங்க. அலாய் வீல், டச் ஸ்கிரீன் எல்லாம் வரும்" என்கிறார். மாதம் ஒரு தடவை அம்மாவைச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதும் இதே வண்டியில்தான். அப்பா இரண்டுமே வீண் செலவு என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அன்புடன்,
ம., பாலக்கோடு

அன்புள்ள ம.,

முதலில் அந்த ஓடையைப் பார்ப்போம். இந்த மூன்றரை லட்சம், நாலு லட்சம் எல்லாம் அங்கேதான் ஆரம்பித்திருக்கிறது.

பஞ்சப்பள்ளிப் பக்கத்து ஓடைகள் எனக்குப் பழக்கம். மேலே கரடு. ஒரு நல்ல மழைக்கு வெள்ளம் வந்து, இரண்டு நாளில் வற்றி, அடியில் பருமணலை விட்டுப் போகும். மேலே பார்த்தால் கெட்டித் தரை மாதிரி இருக்கும். சக்கரம் ஏறியதும் உள்வாங்கும். அன்றைக்கு டயரில் எவ்வளவு காற்று இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ரோட்டில் ஓட்டுகிற காற்றோடுதான் இறங்கியிருப்பீர்கள், முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் இறங்குகிறார்கள். 30 பிஎஸ்ஐக்கு மேல் காற்றடித்த டயர் விறைப்பாக நின்று மணலை வெட்டிக்கொண்டு கீழே போகும். அதே டயரில் காற்றை 18க்குக் குறைத்தால், அது தரையில் படுத்துக்கொள்ளும். தரையைத் தொடுகிற பரப்பு நீளவாக்கில் கூடும். வண்டியின் பாரம் அகலமாகப் பரவி, மணலின் மேலாகவே நகர்ந்துவிடும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. கையில் ஒரு பிரஷர் கேஜும், திரும்ப அடிக்க 12 வோல்ட் கம்ப்ரெஸரும் இருந்தால் போதும். ரோட்டுக்கு ஏறுவதற்கு முன்னால் கட்டாயம் திரும்ப அடித்துவிட வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாக ஓட்டினால் டயர் சூடாகி வெடிக்கும்.

இன்னொன்று, 4ஹெச் போட்டேன் என்கிறீர்கள். அது நாலு சக்கரத்தையும் சாதாரண வேகத்தில் ஓட்டுகிற ஹை கியர். மணலிலும் ஏற்றத்திலும் உங்களுக்கு வேண்டியது 4எல், அதாவது மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டுகிற லோ கியர். ஓடையில் இறங்குவதற்கு முன்பே, வண்டியை நிறுத்தி 4எல் போட்டு, இரண்டாவது கியரில் ஒரே சீராகப் போக வேண்டும். நடுவில் கியர் மாற்றக் கூடாது, பிரேக் மிதிக்கக் கூடாது. சக்கரம் சும்மா சுற்ற ஆரம்பித்துவிட்டால் அந்த நொடியே ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுங்கள். பயத்தில் இன்னும் மிதித்தால் ஆக்ஸில் வரை புதைத்துவிடும். உங்கள் வண்டி டிராக்டர் கேட்கிற அளவுக்குப் போனது அந்தக் கடைசி மிதியில்தான் என்று நினைக்கிறேன். நிறுத்தி, இறங்கி, சக்கரங்களுக்கு முன்னால் இருக்கிற மணலை மண்வெட்டியால் தள்ளி, காற்றை இறக்கி, வந்த தடத்திலேயே பின்னால் எடுத்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

சங்கிலி கட்டி இழுத்தோம் என்று படித்ததும் மனசு பதறிவிட்டது. இரும்புச் சங்கிலி அறுந்தால் குண்டு மாதிரி பாயும். டிராக்டர்காரரும் உங்கள் அப்பாவும் பக்கத்தில்தானே நின்றிருப்பார்கள்? இனிமேல் தாங்கும் எடை அச்சிட்ட நைலான் பெல்ட் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். அதைக் கம்பெனி கொடுத்த டோயிங் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். டிரெய்லர் இழுக்கிற உருண்டையிலோ பம்பரிலோ மாட்டக் கூடாது. இழுக்கும்போது பெல்ட்டின் நீளத்துக்கு இரண்டு பக்கமும் ஆள் நிற்கவே கூடாது.

சரி, இப்போது நண்பர் சொல்வதற்கு வருகிறேன். லிஃப்ட் போட்டால் வண்டியின் உடம்புதான் உயரும். பின் ஆக்ஸிலுக்கு நடுவில் தொங்குகிற டிஃபரன்ஷியல் (வளைவில் சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற கியர் அமைப்பு) ஹவுசிங் அதே உயரத்தில்தான் இருக்கும். கல் அடிக்கிறது முதலில் அங்கேதான். அதை உயர்த்துவது டயர் மட்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: உங்கள் வண்டிக்குக் கம்பெனி கொடுத்த 245/75 ஆர்16 டயரின் மொத்த உயரம் சுமார் 774 மில்லிமீட்டர். 33 இன்ச் டயர் 838. வித்தியாசம் 64, அதில் பாதி, அதாவது 32 மில்லிமீட்டர்தான் ஆக்ஸில் மேலே போகும். இந்த ஒன்றேகால் இன்ச்சுக்காக நீங்கள் விட்டுக்கொடுப்பது நிறைய. சக்கரம் எட்டு சதவீதம் பெரிதானதால் எல்லா கியரிலும் இழுவை கிட்டத்தட்ட எட்டு சதவீதம் குறைந்துவிடும். மலையேறும்போது கால் உணரும். மீட்டர் 80 காட்டும்போது வண்டி 86இல் போய்க்கொண்டிருக்கும். டயரின் எடை கூடுவதால் பிரேக் பிடிக்கிற தூரமும் கூடும். முன்பக்கம் இண்டிபென்டண்ட் சஸ்பென்ஷன் என்பதால், லிஃப்ட் போட்டதும் முன் டிரைவ் ஷாஃப்ட்டுகள் சாய்வான கோணத்தில் ஓடும். அவற்றின் ரப்பர் பூட் சீக்கிரம் கிழிந்து, உள்ளே மணல் போய், ஒரு வருஷத்தில் கட கட சத்தம் வரும். பஞ்சப்பள்ளி மணலுக்குச் சொல்லவே வேண்டாம்.

இந்த வண்டி மாதாமாதம் தொப்பூர் கணவாயில் இறங்குகிறது என்பதை நண்பர் யோசித்த மாதிரி தெரியவில்லை. சேலம் போகும் பக்கத்து இறக்கத்தில் எத்தனை லாரி பிரேக் பிடிக்காமல் மோதியிருக்கிறது என்று தருமபுரி மாவட்டத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உயரம் கூட்டிய ஜீப், கட்டை கட்டையாக ரப்பர் நிற்கிற மட் டயர், நனைந்த ரோடு, முன்னால் திடீரென்று நிற்கிற லாரி. ஓடையில் மாட்டினால் ஒரு மத்தியானம் போகும், அவ்வளவுதான். வண்டியைத் தீர்மானிக்க வேண்டிய இடம் தொப்பூர்தான்.

அப்புறம் அம்மா. லிஃப்ட்டும் பெரிய டயரும் சேர்ந்தால் வண்டியின் தளம் மூன்று இன்ச்சுக்கு மேல் உயரும். இப்போதே அம்மா எப்படி ஏறுகிறார் என்று அடுத்த தடவை நின்று பாருங்கள். இடது கை கதவைப் பிடிக்கும், வலது கை டாஷ்போர்டில் இருக்கிற கைப்பிடியைத் தேடும், முழங்காலை மடக்க ஒரு நொடி தயங்குவார். அந்தத் தயக்கத்தைக் குறைக்கச் செலவு பண்ணுங்கள். அகலமான, சொரசொரப்பான ஃபுட் ஸ்டெப் ஒன்றும், முன் கண்ணாடி ஓரத் தூணில் (ஏ பில்லர்) நல்ல பிடிமானம் ஒன்றும் போட ஓசூரில் ஒரு நாள் வேலை. என் கணக்கில் உங்கள் வண்டிக்கு ஆகிற முதல் செலவு இதுதான்.

ஸ்டீல் பம்பரைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. வண்டிக்கு முன்னால் கட்டுகிற புல் பார், க்ராஷ் கார்டுகளை அகற்ற நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்து, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதே வருஷத் திருத்தத்தில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று வந்துவிட்டது. விபத்து நடந்து இன்ஷூரன்ஸ் கேட்கும்போது வருகிற வம்பு தனி. இந்த ஜீப் 2020 நவம்பரில் குளோபல் என்கேப் மோதல் பாதுகாப்புச் சோதனையில் நாலு நட்சத்திரம் வாங்கியது, கம்பெனி பம்பரோடு மோதி வாங்கியது. முன்னால் இரும்பைக் கட்டினால் மோதலின் அடி வேறு மாதிரி உள்ளே வரும். ஏர்பேக் சரியான நேரத்தில் விரியும் என்று யாரும் உங்களுக்கு உறுதி தர முடியாது.

மச்சான் சொல்கிற எல்எக்ஸுக்கு வருவோம். மலைப் பாதைக்கு அவர் சொன்ன அலாய் வீல் லாபமா? அதில் 18 இன்ச் வீலுக்கு 255/65 டயர். அதன் பக்கச்சுவர் உயரம் சுமார் 166 மில்லிமீட்டர். உங்களுடைய 16 இன்ச் டயரின் பக்கச்சுவர் 184. காற்றை இறக்கி ஓட்டுவதற்கும், கல் குத்தினால் தாங்குவதற்கும் உயரமான பக்கச்சுவர்தான் நல்லது. ஸ்டீல் ரிம் கல்லில் அடித்து வளைந்தால் பாலக்கோட்டிலேயே தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். அலாய் விரிசல் விட்டால் புதிதுதான். உங்கள் மாந்தோப்புக்குக் கீழ் மாடலின் சக்கரம்தான் மேல். டச் ஸ்கிரீனை எந்தக் கடையிலும் பின்னால் மாட்டிக்கொள்ளலாம்.

ஆனால் பின்னால் மாட்ட முடியாதது ஒன்று உண்டு, இஎஸ்பி. வளைவில் வண்டி வழுக்க ஆரம்பித்தால் தேவையான சக்கரத்தை மட்டும் தானாகப் பிரேக் பிடித்து நேராக்குகிற அமைப்பு அது. சென்சார், பிரேக் யூனிட், கம்ப்யூட்டர் எல்லாம் ஃபேக்டரியில் சேர்ந்து வர வேண்டும். எந்த ஒர்க்ஷாப்பிலும் போட முடியாது. இக்னிஷனை ஆன் செய்யும்போது, கார் சறுக்கிப் போகிற மாதிரி படம் போட்ட மஞ்சள் விளக்கு மீட்டரில் எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். எரிந்தால் உங்கள் வண்டியில் இருக்கிறது, பேச்சை இதோடு விட்டுவிடலாம். இல்லையென்றால், இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் நீங்கள் எல்எக்ஸுக்கு மாற நினைத்தால் நான் தடுக்க மாட்டேன். அம்மா உட்கார்ந்திருக்கிற வண்டி மழையில் தொப்பூர் இறங்குகிறது. அதற்கு விலை போட எனக்கு மனசு வரவில்லை. நாலு லட்சம் கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் மட்டும் பொறுங்கள். நல்ல டயரும், இறக்கத்தில் மூன்றாவது கியரும், முன்வண்டிக்கு இடைவெளியும் அதுவரை உங்களைக் காப்பாற்றும்.

வின்ச், அதாவது கம்பியைச் சுற்றி வண்டியை இழுக்கிற மோட்டார், வேண்டாம். கட்டி இழுக்க அந்த ஓடையில் மரம் எங்கே இருக்கிறது? கூரை விளக்குகளும் வேண்டாம். உங்கள் தோப்புக்கு மேலே தொடங்கும் காடு காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தின் பக்கம். இரவில் யானை நடமாடுகிற இடத்தில் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு போவது அதற்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து. காட்டுக்குள் தடம் போட்டு ஓட்டிப் பார்க்கலாம் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள், வனத்துறை வழக்குப் போடும்.

வீண் செலவு என்று அப்பா சொன்னதில் டயர் சேராது. அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: கம்பெனி அளவிலேயே, 245/75 ஆர்16இல், ரோட்டுக்கும் மண்ணுக்கும் ஏற்ற நல்ல ஆல்-டெரெய்ன் டயர், கம்ப்ரெஸர், பெல்ட், மண்வெட்டி, அம்மாவுக்கு ஃபுட் ஸ்டெப். எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்துக்குள் முடிந்துவிடும். மாங்காய் சீசனுக்கு முன்னால், ஓடை காய்ந்து கிடக்கும்போதே, காற்றை இறக்கி 4எல்லில் நாலைந்து தடவை குறுக்கே ஓட்டிப் பழகுங்கள். பக்கத்தில் டிராக்டர் நிற்கட்டும். பெங்களூரா மாங்காய் ஏற்றிய கிரேட்டுகளோடு முதல் தடவையாக இறங்க வேண்டாம்.

டயர் வாங்கும்போது நாலோடு நிறுத்தாதீர்கள். ஸ்டெப்னியும் அதே டயராக இருக்க வேண்டும். தேய்ந்த பழைய டயரை ஒரு பக்கம் மாட்டிக்கொண்டு ஃபோர் வீல் போட்டால் சக்கரங்களின் சுற்றளவு வேறுபட்டு டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி) ஆக்ஸிலுக்கும் பாரம் ஏறும். காய்ந்த ரோட்டில் 4ஹெச் போடக் கூடாது என்பதற்கும் இதே மாதிரி ஒரு காரணம்தான்: நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாததால், வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் போக வேண்டியிருக்கும்போது கியர்கள் முறுக்கிக்கொள்ளும். ஐந்து டயராகவே வாங்கி, ஐந்தையும் 8000, 10000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை சுழற்சியில் மாற்றிப் போடுங்கள். மஞ்சள் விளக்கு எரிந்ததா என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்