உண்ணிக்கடியும் ஆட்டுக்கறி ஒவ்வாமையும்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் பணிபுரிகிறான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் காட்டுப் பாதையில் நடக்கச் சென்றபோது அவனை உண்ணி கடித்தது. அதன்பின் ஆட்டுக்கறி உண்ட நாள்களில் நள்ளிரவில் உடலெங்கும் தடிப்பும் வயிற்றுவலியும் வந்து, ஒருமுறை மயங்கியும் விழுந்திருக்கிறான். ‘ஆல்ஃபா-கேல்’ ஒவ்வாமை என்று அங்குள்ள மருத்துவர்கள் கூறியுள்ளனர். பொங்கலுக்கு வந்து ஒரு மாதம் எங்களோடு தங்கப்போகிறான். உண்ணி கடித்தால் கறி ஆகாமல் போகுமா? அவனுக்கு நான் என்ன சமைத்துப் போடுவது? பால், தயிர் சாப்பிடுகிறானாம்; நெய் ஊற்றலாமா? அவசரம் என்றால் என்ன செய்வது?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: ஆகாமல் போகும் அம்மா. ஆடு, மாடு, பன்றி, முயல், மான் ஆகிய பாலூட்டிகளின் உடலில் ஆல்ஃபா-கேல் என்னும் சர்க்கரைக் கூறு உண்டு; மனிதருக்கு அது இல்லை. கறியோடு வயிற்றுக்குள் போனால் அதனால் பெரும்பாலோருக்கு ஒரு தொல்லையும் இல்லை. உண்ணி தோலில் வாய் பதித்து மணிக்கணக்கில் இரத்தம் உறிஞ்சும்போது, அதன் எச்சிலோடு அதே சர்க்கரைக் கூறு தோல் வழியாக உள்ளே இறங்குகிறது. சிலருடைய நோய் எதிர்ப்பு ஆற்றல் அதைப் பகையாகக் கருதி ஐஜிஇ என்னும் எதிர்ப்புப் பொருளை உண்டாக்கிவிடுகிறது. பிறகு கறி உண்ணும்போதெல்லாம் அந்தப் பழைய பகை மூள்கிறது. தங்கள் மகன் இருக்கும் பகுதியில் இதற்குப் பெரும்பாலும் காரணமாவது ‘லோன் ஸ்டார்’ என்னும் உண்ணி; பெண் உண்ணியின் முதுகில் வெள்ளைப் பொட்டு ஒன்று இருக்கும்.

இந்த நோயைக் கண்டறிய மருத்துவ உலகமே நெடுநாள் எடுத்துக்கொண்டது. சிட்னியில் ஷெரில் வான் நியூனன் என்னும் மருத்துவர் 2007-இல் உண்ணிக்கடியையும் கறி ஒவ்வாமையையும் இணைத்துக் காட்டினார். ஏறத்தாழ அதே காலத்தில், செடுக்சிமேப் என்னும் புற்றுநோய் மருந்தைச் செலுத்தியவுடன் அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் பலருக்குக் கடும் ஒவ்வாமை ஏற்பட, வர்ஜீனியாவில் தாமஸ் பிளாட்ஸ்-மில்ஸ் குழுவினர் அந்த மருந்தில் இருந்த ஆல்ஃபா-கேல்தான் காரணம் என்று 2008-இல் வெளியிட்டனர். அவரையே மலைநடையின்போது உண்ணிகள் கடித்து, பின்னொரு நாள் ஆட்டிறைச்சி உண்ட இரவில் உடல் தடித்தது என்பதும் பதிவாகியிருக்கிறது.

இவ்வளவு தாமதமாகப் புரிந்ததற்கு நோயின் போக்கே காரணம். வேர்க்கடலையோ இறாலோ ஆகாதவருக்குச் சில நிமிடங்களிலேயே வாய் நமைக்கும், உதடு வீங்கும். இதிலோ, சாப்பிட்டு இரண்டு மணி முதல் ஆறு மணி நேரம் வரை ஒன்றுமே தெரியாது. கொழுப்போடு சேர்ந்த ஆல்ஃபா-கேல் செரித்து இரத்தத்தில் கலக்க அவ்வளவு நேரம் ஆவதே இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. இரவு எட்டு மணிக்கு உண்ட குழம்பு நள்ளிரவில் உடம்பைத் தாக்கினால் யார்தான் குழம்பைச் சந்தேகிப்பார்கள்? காலையில் குடித்த காபியையோ புதிய சோப்பையோதான் குறை சொல்வோம். ஆகவே “சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆயிற்று, ஒன்றும் ஆகவில்லை” என்று மகன் சொன்னாலும் அதை நம்பி இருந்துவிட வேண்டாம்.

சமையலைப் பொறுத்தவரை தாங்கள் கடலூரில் இருப்பது பெரிய ஆறுதல். மீன், நண்டு, இறால், கணவாய், கோழி, வாத்து, முட்டை எதிலும் ஆல்ஃபா-கேல் இல்லை. முதுநகர்த் துறைமுகத்திலிருந்து வரும் வஞ்சிரமும் சங்கராவும் நெத்திலியும் இருக்க, ஒரு மாதம் கறியின்றிச் சமைப்பது தங்களுக்குக் கடினமாக இராது. கவலை கறித்துண்டில் இல்லை; கறி தொட்ட மற்றவற்றில்தான் இருக்கிறது. காணும் பொங்கலன்று மற்றவர்களுக்காகக் கறி வறுத்த எண்ணெயிலேயே அவனுக்கு மீன் வறுத்துவிடுவது, கறிக்குழம்பைக் கிளறிய கரண்டியைக் கழுவாமல் மீன்குழம்பில் விடுவது – அவசரத்தில் எந்த வீட்டிலும் நடப்பவை இவை. அவனுக்கென்று ஒரு சட்டியும் கரண்டியும் தனியே வைத்துவிடுங்கள். மிகச் சிலருக்குக் கறி கொதிக்கும் ஆவியே ஒத்துக்கொள்ளாது என்பதால், அன்று அடுப்பருகே அவன் நிற்காமல் இருப்பது நல்லது.

உணவகங்களில் இன்னும் கவனம் வேண்டும். “கறி இல்லை, வெறும் குஸ்காதான்” என்று கொடுப்பது பெரும்பாலும் ஆட்டுக்கறி பிரியாணி அண்டாவிலிருந்து அள்ளிய சோறு. கறியின் கொழுப்பு முழுவதும் அந்தச் சோற்றில்தான் இறங்கியிருக்கும். பரோட்டாவுக்கு ஊற்றும் சால்னாவும் எலும்பு கொதித்த சாறாக இருக்கலாம். ஈரல், குடல், சிறுநீரகம் போன்ற உறுப்புகளும் கொழுப்பு மிகுந்த துண்டுகளும் கூடுதல் கடுமையாகத் தாக்குபவை. ஆட்டுக்கால் பாயாவும், விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் கலந்த ஜெல்லி மிட்டாயும் இதே வரிசையில் சேர்வன.

பால் பொருள்கள் இந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்கின்றன. அங்கே பாலும் தயிரும் தொல்லையின்றிச் சாப்பிட்டு வருகிறான் என்றால் இங்கும் அதே அளவில் கொடுங்கள். நெய், பால்கோவா, ஐஸ்கிரீம் ஆகியவற்றில் கொழுப்பு மிகுதி. அவற்றை அவன் அங்கே உண்டு பழகியிருந்தால் மட்டும் கொடுங்கள். வெகுநாள் கழித்து வந்த பிள்ளைக்கு நெய் ஊற்றிப் போட வேண்டும் என்று தாய்மனம் துடிப்பது எனக்குப் புரிகிறது. ஆயினும் இந்தச் சோதனையைத் தங்கள் வீட்டு இலையில் தொடங்க வேண்டாம்.

அவசரத்துக்கு வருகிறேன். தடிப்போடு மூச்சுத்திணறலோ, குரல் கம்முவதோ, தொடர் வாந்தியோ, தலைசுற்றலோ சேர்ந்தால் முதல் மருந்து அட்ரினலின் ஊசிதான். வயது வந்தோருக்கு 0.5 மில்லிகிராம் வரை, தொடையின் வெளிப்புறத் தசையில். ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் மீண்டும் ஒருமுறை போடலாம். செட்ரிசின் மாத்திரை அரிப்பைத் தணிக்கும், விழும் இரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தாது. அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதால் உயிர் போன வீடுகள் உண்டு என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அவனைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தி, 108-ஐ அழையுங்கள்; எழுந்து நடக்க விடாதீர்கள். மூச்சுவிடச் சிரமப்பட்டால் மட்டும் சாய்ந்து உட்காரலாம். தானே போட்டுக்கொள்ளும் அட்ரினலின் பேனா நம் ஊர் மருந்துக்கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே இரண்டு பேனாக்களைக் கைப்பையிலேயே கொண்டுவரச் சொல்லுங்கள். வெயிலில் நிற்கும் காரிலும் வேண்டாம், குளிர்சாதனப் பெட்டியிலும் வேண்டாம். அதைப் போடும் முறையைத் தாங்களும் கற்றுக்கொள்ளுங்கள். நள்ளிரவில் அருகில் இருக்கப்போவது தாங்கள்தான்.

கேள்வி: நான் ஆசிரியை. பண்ருட்டி அருகே எங்களுக்கு முந்திரித்தோப்பு உண்டு. அங்கே போகும்போது சில முறை உண்ணி கடித்திருக்கிறது. ஓராண்டாக, ஞாயிறு இரவு ஆட்டுக்கறி உண்டால் விடியுமுன் உடல் தடிக்கிறது. கோழி உண்டால் ஒன்றும் இல்லை. எல்லா வாரமும் வருவதில்லை என்பதுதான் குழப்பம். இதுவும் அந்த நோயாக இருக்குமா?
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: இருக்கலாம். உடல் தடிப்புக்கு வேறு காரணங்கள் பல இருப்பதால், கடிதத்தைக் கொண்டு உறுதி சொல்ல இயலாது. எனினும் தாங்கள் எழுதியுள்ள முறை சோதித்தே ஆக வேண்டிய முறை. எல்லா வாரமும் வராததும் இந்நோயின் இயல்புக்கு ஒத்ததே. கறியில் இருந்த கொழுப்பின் அளவு, அன்று எடுத்துக்கொண்ட வலி மாத்திரை, கடும் உடலுழைப்பு, மது ஆகியவை கூடும்போது தாக்கம் வெளிப்படும். இல்லாத நாளில் அடங்கிக் கிடக்கும். ஒரு குறிப்பேட்டில் உண்ட நேரம், தடித்த நேரம், அன்று விழுங்கிய மாத்திரைகள் மூன்றையும் எழுதி வாருங்கள். அதை எடுத்துக்கொண்டு ஒவ்வாமை மருத்துவரிடம் சென்று, ‘ஆல்ஃபா-கேல் ஐஜிஇ’ இரத்தப் பரிசோதனை தேவையா என்று பெயர் சொல்லியே கேளுங்கள்; நம் பகுதியில் அதிகம் பேசப்படாத நோய் என்பதால் கேட்பதில் தவறில்லை. முடிவு தெரியும்வரை கறியை நிறுத்திவிடுங்கள். உறுதிப்படுத்திக்கொள்வதற்காக வீட்டில் மறுபடியும் உண்டு பார்ப்பது ஆபத்து.

நோய் உறுதியானால், எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் அதை முதலில் சொல்லுங்கள். பல கேப்சூல் மாத்திரைகளின் மேலுறை ஜெலட்டின். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவது. சில செயற்கை இதய வால்வுகளும் விலங்குத் திசுவால் ஆனவை. முந்திரித்தோப்புக்குப் போகிறவர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து செய்யப்படுவது. ஒவ்வாமைக்கு அஞ்சி அதை ஒருபோதும் மறுத்துவிடாதீர்கள். முன்கூட்டியே சொன்னால் அட்ரினலினைத் தயாராக வைத்துக்கொண்டு மருத்துவர் அதைச் செலுத்துவார்.

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு மாடுகள் உள்ளன, உண்ணி கடிக்காத வாரமே இல்லை. என் தங்கைக்குச் சென்ற மழைக்காலத்தில் உண்ணிக் காய்ச்சல் வந்தது. நாங்கள் கறியை விட்டுவிட வேண்டுமா?
– வாசகர், பாகூர்

பதில்: வேண்டாம். தங்கைக்கு வந்தது வேறு நோய். அது கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு வகைச் சிற்றுண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் பரவும் கிருமித் தொற்று, டாக்சிசைக்ளின் மருந்துக்குக் கட்டுப்படுவது. உண்ணி கடித்தோர் எல்லாருக்கும் கறி ஒவ்வாமை வருவதில்லை. இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருந்தும் வாழ்நாள் முழுவதும் தொல்லையின்றிக் கறி உண்பவர்கள் பலர். அறிகுறி இல்லாதவர் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்கவும் தேவையில்லை. ஆனால், ஒவ்வாமை ஏற்கெனவே வந்தவர்கள் மீண்டும் கடிபடாமல் இருந்தால், எதிர்ப்புப் பொருள் சில ஆண்டுகளில் குறைந்து மருத்துவர் மேற்பார்வையில் மறுபடி கறி உண்ணும் நிலைக்குச் சிலர் வருகின்றனர். புதிய கடி ஒவ்வொன்றும் அதைத் தள்ளிப்போடும். ஆதலால் கடியைத் தவிர்ப்பது எல்லாருக்கும் நல்லது. தொழுவ வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்றி, முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள், காதோரம் ஆகிய இடங்களைப் பாருங்கள். ஒட்டியிருக்கும் உண்ணியின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் தீக்குச்சியால் சுடுவதும் வேண்டாம். கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுத்து எடுத்தபின், அந்த இடத்தைச் சோப்பு நீரால் கழுவிவிடுங்கள்.