மேல் வீட்டுத் தண்ணீர், கீழ் வீட்டுக் கறை: அடுக்குமாடிக் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் பாத்ரூம் சீலிங்கில் மாதக்கணக்கில் ஈரம். மேல் வீட்டுக்காரர் ‘எங்கள் பைப்பில் ஒன்றுமில்லை’ என்கிறார். சங்கமோ ‘நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஒதுங்கிவிட்டது. செலவு யார் தலையில்?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் செலவைப் பேச முடியாது. அது வர மூன்று வழிகள்தான் உண்டு: நல்ல தண்ணீர்க் குழாய், தரை, கழிவுக் குழாய். மூன்றையும் இதே வரிசையில் சோதியுங்கள்.

முதலில் மேல் வீட்டு பாத்ரூமுக்கு வரும் கேட் வால்வை இரவு முழுக்க மூடச் சொல்லுங்கள். யாரும் குளிக்காத நேரத்திலும் சொட்டிக்கொண்டிருந்த நீர் நின்றால், சந்தேகம் நல்ல தண்ணீர்க் குழாய்மேல். பிளம்பர் கைப்பம்பை மாட்டி, குழாய்க்குள் 5 கிலோ அழுத்தம் ஏற்றி அரை மணி நேரம் விடட்டும். அழுத்தமானியின் முள் இறங்கினால் கசிவு உறுதி. கீசருக்குப் போகும் சுடுநீர் இணைப்பைத் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் குற்றவாளி அதுதான்.

முள் அசையவில்லையா? அடுத்தது தரை. தரையில் நீர் வெளியேறும் நானி ட்ராப்பைத் துணியும் பிளாஸ்டிக் உறையும் வைத்து அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் தேக்கி, சிவப்பு உணவுச் சாயம் கலந்து 24 மணி நேரம் விடுங்கள். கீழே சிவப்பு தெரிந்தால் டைல்ஸ் இடுக்கோ வாட்டர் ப்ரூஃபிங்கோ போய்விட்டது. தெரியாவிட்டால் அடைப்பை எடுத்துவிட்டு, நீலச் சாயத்தோடு இரண்டு பக்கெட் தண்ணீரை ட்ராப்பில் ஊற்றுங்கள். கீழே நீலம் வந்தால் ட்ராப்போ அதை ஒட்டிய கழிவுக் குழாயோதான். குழாய் ஸ்லாப்பைத் துளைத்து இறங்கும் இடத்தைச் சுற்றி வைத்த சிமென்ட் விரிசல் விடுவது மிகச் சாதாரணம். ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். ஸ்லாப்பைத் தாழ்த்தி, செங்கல் ஜல்லி நிரப்பிக் கட்டிய பாத்ரூம் என்றால், சாயம் அந்த நிரப்பலைத் தாண்டி வரச் சில நாள் ஆகலாம். மறுநாளே கீழே பார்த்துவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

இனி செலவு. பொதுவான நடைமுறை இது: வீட்டுக்குள் படுக்கையாக ஓடும் குழாயும் தரையும் மேல் வீட்டுக்காரர் பொறுப்பு, பல வீட்டுக்கும் பொதுவாக டக்ட் வழியே செங்குத்தாக இறங்கும் குழாய் சங்கத்தின் பொறுப்பு. உங்கள் சங்க விதிமுறையில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதைப் பாருங்கள். வீடு கைக்கு வந்து ஐந்து ஆண்டு ஆகவில்லை என்றால் இருவருமே செலவழிக்க வேண்டாம். ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவுப்படி, கட்டுமானக் குறையைத் தெரிவித்த 30 நாளுக்குள் கட்டியவரே இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். சோதனைப் படங்களோடு பதிவுத் தபாலில் எழுதுங்கள். வாட்ஸ்அப் குழுவில் புலம்புவது புகார் ஆகாது.

இடுக்கு மட்டும்தான் பிரச்சினை என்றால், பழைய வெள்ளை சிமென்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்சி கிரவுட் நிரப்பினால் போதும். வாட்டர் ப்ரூஃபிங்கே போயிருந்தால் டைல்ஸை உடைத்துத்தான் ஆக வேண்டும். பாலிமர் கலந்த சிமென்ட் பூச்சு இரண்டு கோட், ஒன்றுக்கொன்று குறுக்காக. சுவரில் ஓர் அடி உயரம், ஷவர் பக்கம் ஆறடி. டைல்ஸ் ஒட்டும் முன் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்க்காமல் மேஸ்திரியை அனுப்பாதீர்கள். கீழிருந்தே ரசாயனம் ஏற்றியும் பெயின்ட் அடித்தும் ‘சரிசெய்து தருகிறேன்’ என்பவரை வாசலோடு அனுப்பிவிடலாம். வெளியேற வழியில்லாத நீர் ஸ்லாப்புக்குள்ளேயே நின்று கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். பழுது நீங்கினாலும் ஊறிய ஈரம் காய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை உங்கள் சீலிங்கில் பட்டி பார்க்க வேண்டாம்.

கேள்வி: மாதப் பராமரிப்பு 9,000 ரூபாய். ஜி.எஸ்.டி. எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதில் பொருளாளருக்கும் ஆடிட்டருக்கும் ஒத்துப்போகவில்லை.
– சங்கச் செயலாளர், பெருங்குடி

பதில்: சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டவில்லை என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். தாண்டினாலும், ஒரு வீட்டுக்கு மாதம் 7,500 ரூபாய் வரை வரிவிலக்கு உண்டு. தகராறு அதற்கு மேல்தான். 7,500-ஐத் தாண்டினால் முழுத் தொகைக்கும் 18 சதவீதம் என்று 2019-ல் வரித்துறை சுற்றறிக்கை விட்டது. அதன்படி உங்கள் 9,000-க்கு 1,620 ரூபாய். கூடுதலாக உள்ள தொகைக்கு மட்டுமே வரி என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் தீர்ப்பளித்தது. அதன்படி 1,500-க்கு 270 ரூபாய். இருவரும் ஆளுக்கொரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள் போலிருக்கிறது. தீர்ப்பைப் பின்பற்றினால், அதைக் குறிப்பிட்டுப் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு வையுங்கள். ஒருவருக்கு இரண்டு வீடு இருந்தால் 7,500 வரம்பு ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி.

கேள்வி: கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து காலை நேரத்தில் தாங்க முடியாத நாற்றம். ஆபரேட்டர் ‘அப்படித்தான் சார் இருக்கும்’ என்கிறார்.
– வாசகர், சிறுசேரி

பதில்: ஒழுங்காக ஓடும் எஸ்.டி.பி.யில் மண்வாசனை போல லேசாகத்தான் இருக்கும். காலையில் மட்டும் நாற்றம் என்றால், கரன்ட் பில்லைக் குறைக்க இரவில் தொட்டிக்குக் காற்றூட்டும் ப்ளோயரை நிறுத்துகிறார்கள் என்று முதலில் சந்தேகப்படுங்கள். கழிவைத் தின்னும் பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும். தொட்டி நீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்க வேண்டும். சில மணி நேரம் காற்று நின்றாலே காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா பெருகி, அழுகிய முட்டை வாசம் வரும். கழிவு முதலில் வந்து சேரும் தொட்டிக்கும் காற்று போகிறதா என்று பாருங்கள். பலர் அந்த வால்வை மூடியே வைத்திருப்பார்கள்.

ஆபரேட்டர் தினமும் செய்ய வேண்டிய சோதனைக்கு ஒரு லிட்டர் அளவு ஜாடி போதும். காற்றூட்டும் தொட்டி நீரைப் பிடித்து 30 நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் 250 முதல் 350 மில்லி வரை பழுப்பு நிறச் சேறு படிந்து மேலே நீர் தெளிந்தால் நல்லது. 100-க்குக் கீழே என்றால் பாக்டீரியா போதவில்லை. நன்றாக ஓடும் வேறொரு நிலையத்திலிருந்து சேறு வாங்கிக் கலக்கலாம். 500-ஐத் தாண்டினால் சேற்றை வெளியேற்றி ஃபில்டர் பிரஸ்ஸில் பிழிய வேண்டும். நிறம் கறுப்பு என்றால் காற்று போதவில்லை. வீடுகளில் ஆசிட்டும் பினாயிலும் தாராளமாக ஊற்றினாலும் பாக்டீரியா செத்துவிடும்.

எந்தக் காரணம் சொன்னாலும் தொட்டிக்குள் ஆளை இறக்காதீர்கள். 2013-ம் ஆண்டுச் சட்டம் கழிவுத் தொட்டிக்குள் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது. தவிர, ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் தெரியவில்லையே என்று நம்பி இறங்கியவர் ஏறி வருவதில்லை.

கேள்வி: நாய் வளர்க்கக் கூடாது என்று பெரும்பான்மை ஓட்டில் தீர்மானம் போட்டுவிட்டார்கள். செல்லுமா?
– வாசகி, அண்ணா நகர்

பதில்: செல்லாது. பெரும்பான்மை இருந்தாலும் சங்கம் தடை போட முடியாது, லிப்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் தந்துவிட்டது. மாநகராட்சி உரிமமும் வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றும் கையில் இருக்கட்டும். வராந்தாவில் அசிங்கம் செய்தால் சுத்தம் செய்வது உங்கள் வேலை. அதில் சங்கத்தோடு சண்டை போடாதீர்கள்.

கேள்வி: 40 வீடுகள், சுமார் 160 பேர். 12,000 லிட்டர் லாரி தினமும் மூன்று வாங்குகிறோம். சிலர் வீட்டுக்கு வீடு மீட்டர் கேட்கிறார்கள்.
– சங்கத் தலைவர், பள்ளிக்கரணை

பதில்: ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான கணக்குப்படி உங்களுக்கு 21,600 லிட்டர் போதும். மீதியெல்லாம் எங்கோ போகிறது. மீட்டருக்குக் காசு போடும் முன் நிலத்தடித் தொட்டியான சம்ப்பைப் பாருங்கள். இரவு 12 மணிக்கு மோட்டாரை நிறுத்தி நீர்மட்டத்தைக் குறித்து, காலை 5 மணிக்கு மறுபடி அளந்து பாருங்கள். 5 மீட்டருக்கு 4 மீட்டர் சம்ப்பில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 200 லிட்டர் மண்ணுக்குள் போயிருக்கிறது. மேல்தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாயையும், ஒவ்வொரு வீட்டு ஃப்ளஷ் டேங்கையும் பாருங்கள். டேங்கில் சாயம் போட்டு, அழுத்தாமலே அரை மணியில் கோப்பையில் நிறம் வந்தால் ரப்பர் வாஷர் போயிற்று.

இதற்குப் பிறகும் மீட்டர் வேண்டும் என்றால், ஒரு வீட்டுக்கு ஒன்று என்று கணக்குப் போடாதீர்கள். பழைய கட்டடங்களில் ஒவ்வொரு பாத்ரூமுக்கும் கிச்சனுக்கும் மொட்டை மாடியிலிருந்து தனித்தனிக் குழாய் இறங்கும். வீட்டுக்கு மூன்று, நான்கு மீட்டர் ஆகும். சுழலும் சக்கரம் உள்ள மலிவு மீட்டர் போர்வெல் உப்பில் சீக்கிரம் இறுகிவிடும். மேல் மாடியில் ஏற்கெனவே அழுத்தம் குறைவு. அந்த மீட்டர் அதையும் குறைக்கும். அல்ட்ராசோனிக் மீட்டருக்கு இந்த இரண்டு தொல்லையும் குறைவு, ஆனால் விலை அதிகம். முதலில் மேல் மாடி வீடு ஒன்றில் மட்டும் மாட்டி, ஷவரில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு மற்ற வீடுகளுக்கு ஆர்டர் கொடுங்கள்.