விண்டோஸில் பில்டு ஆகும் சி நிரல் லினக்ஸில் ஆகவில்லை. கோப்புப் பெயர்கள் பெரிய எழுத்தில் இருப்பதுதான் காரணமா?

ஆம், அதேதான். லினக்ஸுக்குக் கோப்பு கிடைத்துவிட்டது. அதை வேறு மொழியாகப் படிக்கிறது என்பதே சிக்கல்.

ஜிசிசி கம்பைலர் (லினக்ஸில் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) கோப்புப் பெயரின் நீட்டிப்பைப் பார்த்துத்தான் மொழியை முடிவுசெய்யும். புள்ளிக்குப் பின் சின்ன ‘சி’ என்றால் சி மொழி, பெரிய ‘சி’ என்றால் சி++. (பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லாத தமிழில் இதை விளக்குவது ஒரு வேடிக்கை. பள்ளியில் படித்த பெரிய ஏபிசிடி, சின்ன ஏபிசிடியை நினைத்துக்கொள்ளுங்கள்.) மைக்ரோசாஃப்ட் கம்பைலருக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால்தான் உங்கள் விண்டோஸ் கணினியில் ஒரு முணுமுணுப்பும் இல்லை.

நான் இதில் மாட்டியது டாஸ் காலத்து நிரல் ஒன்றை லினக்ஸுக்குக் கொண்டுவந்தபோது. டாஸ், பெயருக்கு 8 எழுத்து, நீட்டிப்புக்கு 3 எழுத்து என்று அளந்து கொடுத்து, எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் பதிந்துவைக்கும். முப்பது கோப்புகளும் அந்தக் கோலத்திலேயே வந்து சேர்ந்தன. பில்டு தொடங்கியதும், நினைவகம் கேட்டு வாங்கும் மல்லாக் இருந்த வரியிலெல்லாம் பிழை: வாய்ட் பாயின்டரை (வகை சொல்லாத நினைவக முகவரி) இன்ட் பாயின்டராக மாற்ற முடியாதாம். சி-யில் அந்த மாற்றம் தானாக நடக்கும், சி++ ஒப்புக்கொள்ளாது. அந்த இடத்திலேயே கோப்புப் பெயரைச் சந்தேகித்திருக்க வேண்டும். நானோ வரி வரியாக வகைமாற்றம் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பகல் போயிற்று.

அடுத்து, கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கரின் முறை. இப்படி ஒரு செயற்கூறே இல்லை என்றது. கண்ணெதிரே இருக்கிறது, இல்லை என்கிறதே! புதிதாக நான் எழுதிய இரண்டு கோப்புகள் மட்டும் சின்ன எழுத்தில் இருந்தன. சி++ ஆகக் கம்பைல் ஆனால் செயற்கூறின் பெயரில் ஒட்டுகள் சேரும். ஆப்ஜெக்ட் கோப்பை (கம்பைல் ஆன துண்டு), அதிலுள்ள பெயர்களைக் காட்டும் ‘என்எம்’ கட்டளையில் பார்த்தால், நான்கெழுத்துப் பெயருக்கு முன்னால் அடிக்கோடு, பெரிய ‘இசட்’, 4 என்று நிற்கும். சி கோப்போ ஒட்டில்லாத வெறும் பெயரைத் தேடும். அந்த இசட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அசெம்பிளி (இயந்திர மொழிக்கு நெருக்கமான மொழி) கோப்பு இருந்தால் இன்னும் கவனம் தேவை. நீட்டிப்பு பெரிய ‘எஸ்’ என்றால், # வரிகளைக் கையாளும் முன்செயலி முதலில் ஓடும். சின்ன ‘எஸ்’ நேரே அசெம்பிளரிடம் போகும். ஏவிஆர், ஆர்ம் போன்ற சில்லுகளுக்கு எழுதும்போது வரியின் தொடக்கத்தில் # வந்தால் அசெம்பிளர் அதைக் கருத்துரை என்று தாண்டிவிடும். நீங்கள் #டிஃபைன் செய்த மாறிலிகள் சத்தமில்லாமல் மறைந்துபோகும். ஆப்பிள் கணினியில் வேறொரு கூத்து: அங்கே வழக்கமான அமைப்பில் பெரிய எஸ்ஸும் சின்ன எஸ்ஸும் ஒரே கோப்பு. பில்டு படிகளை எழுதிவைக்கும் மேக்ஃபைலின் ‘கிளீன்’ பகுதி சின்ன எஸ் கோப்பைப் பெயர் சொல்லி அழித்தால், நீங்கள் கைப்பட எழுதிய பெரிய எஸ் கோப்பு போய்விடும்.

உங்கள் நிரலுக்கு வருவோம். கம்பைலருக்கு ‘-எக்ஸ் சி’ (சி மொழியாகவே படி) என்று கொடுத்து இன்றைக்கு ஒப்பேற்றலாம். பெயர்களை மாற்றிவிடுவதே நல்லது. விண்டோஸில் எக்ஸ்ப்ளோரரில் மாற்றாதீர்கள். எழுத்தின் அளவு மட்டும் மாறினால் அங்கே கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) அதைக் கண்டுகொள்ளாது. ‘கிட் எம்வி’ கட்டளையால், நடுவில் ஒரு தற்காலிகப் பெயர் வைத்து, இரண்டு படியாக மாற்றுங்கள். பிறகு ‘கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்’ காட்டும் பட்டியலைச் சரிபாருங்கள். மேக்ஃபைல் சின்ன சி-யை மட்டும் திரட்டுவதாக இருந்தால், விடுபட்ட கோப்பு கம்பைலே ஆகாது. அதே ‘செயற்கூறு இல்லை’ பிழை மறுபடி வரும். ஹெடர் கோப்புகளின் பெயரையும் மாற்றினால், இன்க்ளூட் வரிகளையும் கூடவே மாற்ற மறக்காதீர்கள்.