இறால் செவுளில் பஞ்சு, வைக்கோல் தண்ணீரில் புள்ளி: கேள்வி-பதில்

பரங்கிப்பேட்டைப் பக்கம் இறால் குட்டை வைத்திருக்கிறேன். செவுளிலும் காலிலும் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கிறது. பூஞ்சை மருந்து போட்டும் போகவில்லை.

பூஞ்சையாகவே இல்லாமல் இருக்கலாம். செவுளில் ஒரு துணுக்கைக் கிள்ளி, குட்டைத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, ஸ்லைடில் வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். கிளைவிட்ட காம்பும் நுனிகளில் குட்டி மணிகளும் தெரிகின்றனவா? ஸ்லைடைத் தட்டியதும் மொத்தக் கூட்டமும் வெடுக்கென்று சுருங்கினால் அது சூதாம்னியம். காம்பு சுருங்காமல் நின்றால் எபிஸ்டைலிஸ். இரண்டுமே சிலியேட்டுகள், அதாவது நுண்மயிரிழைகள் கொண்ட ஒற்றைச் செல் உயிர்கள்; இறாலைத் தின்பதில்லை. அதன் மேல் குடியிருந்துகொண்டு தண்ணீரில் வரும் பாக்டீரியாவைத் தின்கின்றன. செவுளில் அடர்ந்துவிட்டால்தான் வம்பு. விடியற்காலையில் ஆக்சிஜன் குறையும்போது இறாலுக்கு மூச்சு முட்டும்.

பாக்டீரியா பெருகுவது மிஞ்சிய தீவனத்தாலும் அடிச்சேற்றாலும். செக் ட்ரேயை (தீவனம் மிஞ்சுகிறதா என்று பார்க்கக் குட்டையில் இறக்கும் தட்டு) பார்த்துத் தீவனத்தைக் குறையுங்கள், இரவில் ஏரேட்டரை நிறுத்தாதீர்கள், தண்ணீரை மாற்றுங்கள். தெம்பான இறால் ஓடு கழற்றும்போது ஒட்டியதும் கூடவே போய்விடும். மருந்துக் கடையெல்லாம் அப்புறம்.

ஊசுட்டேரித் தண்ணீரில் வைக்கோல் ஊறவைத்தோம். வெள்ளைப் புள்ளிகள் ஓடுகின்றன. பாரமீசியமா? (ஆசிரியை, வில்லியனூர்)

கறுப்புத் துணியைப் பின்னால் பிடித்துப் பாருங்கள். துள்ளித் துள்ளிப் போனால் சைக்ளோப்ஸ் என்ற குட்டி ஓட்டுயிரி. திருகாணி போலச் சுழன்றபடி வழுக்கிக்கொண்டு போனால் பாரமீசியமாக இருக்க வாய்ப்பு அதிகம். கால் மில்லிமீட்டர் அளவுதான் என்பதால் உறுதி செய்ய நுண்ணோக்கி வேண்டும். சொட்டில் இரண்டு பஞ்சு இழை போட்டால் ஓட்டம் மட்டுப்படும். அப்போது உடலின் இரு முனைகளுக்கும் அருகில் சுருங்கு நுண்குமிழ்கள் நிரம்பி நிரம்பிக் காலியாவது தெரியும். உள்ளே புகுந்துகொண்டே இருக்கும் நீரை வெளியேற்றும் பம்பு அது. கடல் நீரைப் பத்து பங்கு நல்ல தண்ணீரில் கலந்து, அதில் ஒரு சொட்டு சேர்த்துப் பாருங்கள்; பம்பு மெதுவாகும். மாணவர்களை ஸ்டாப்வாட்ச் வைத்து எண்ணச் சொல்லுங்கள்.

இணைவில் இரண்டு பாரமீசியம் சேர்ந்து, இரண்டாகவே பிரிகின்றன. இது எப்படி இனப்பெருக்கம்? (கல்லூரி மாணவி, கடலூர்)

சரியான சந்தேகம். எண்ணிக்கை கூடுவது குறுக்குவாட்டுப் பிளவில்தான். இணைவில் நடப்பது மரபுப்பொருள் பரிமாற்றம். பாரமீசியமும் சிலியேட்டுதான்; அதன் ஒரே செல்லில் சிறிது, பெரிது என இரு வகை நியூக்ளியஸ் உண்டு. சிறு நியூக்ளியஸ்கள் கைமாறுகின்றன, பழைய பெரு நியூக்ளியஸ் சிதைந்து புதியது உருவாகிறது.

டெட்ராஹைமீனா என்ற இன்னொரு சிலியேட்டில் இந்தப் புதிய பெரு நியூக்ளியஸ் உருவாகும்போது குரோமோசோம்கள் ஏராளமான துண்டுகளாக வெட்டப்படுகின்றன. துண்டுக்கு இரண்டு முனை என்றால் எத்தனை முனைகள்! குரோமோசோம் முனையான டெலோமியரை ஆராய உயிரியலாளர் எலிசபெத் பிளாக்பர்னுக்கு அது தோதான உயிரியாக அமைந்தது. 2009இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம்.

தொட்டி மீனில் வெள்ளைப் புள்ளி. மருந்து போட்டேன், புள்ளிகள் அப்படியே இருக்கின்றன. (லாஸ்பேட்டை)

இதுவும் சிலியேட்டுதான், பெயர் இக்தியோப்திரியஸ். புள்ளிக்குள் இருப்பது மீன் தோலுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது, மருந்து எட்டாது. அது உதிர்ந்து அடியில் கூடு கட்டி, நூற்றுக்கணக்கில் குஞ்சுகளை விடும். அவை நீந்தும் வேளையில்தான் மருந்து வேலை செய்யும். புள்ளி மறைந்ததும் நிறுத்திவிடாமல் இன்னும் சில நாள் தொடருங்கள்.