என்கிட்ட மட்டும் அவர் நல்லவர், ஆச்சி!

வாசகர் கேள்விகளுக்கு ஆச்சி பதில்

இந்த தடவை வந்ததுல நாலு கேள்வி, வேற வேற ஊரு, வேற வேற வயசு, ஆனா சுத்தி சுத்தி ஒரே இடத்துக்குத்தான் வருது. அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இத மட்டும் எடுத்துக்கிட்டேன். யாரு பேரும் போடல, கவலைப்படாதீங்க.

கேள்வி (காரைக்குடி, 21 வயசு மாணவி): ஆச்சி, நான் எம்.எஸ்சி படிக்கிறேன். அப்பச்சி, அதான் எங்க அப்பா, வெளிநாட்ல, வீட்ல ஆத்தாவும் அப்பத்தாவும்தான். வேன்லயே போயி வேன்லயே வந்து படிச்ச பொண்ணு நான், பசங்ககூட பேசினதே கிடையாது. ஒரு வருஷமா ஒருத்தர விரும்புறேன். அவருக்கு 26, வேற சாதி, டூவீலர் ஒர்க்‌ஷாப்ல வேலை. முடி வளத்து பச்சை குத்தியிருப்பாரு, குடிப்பாரு, அடிதடில ரெண்டு தடவை ஸ்டேஷன் வரைக்கும் போயிருக்காரு, ஊருக்குள்ள பொறுக்கின்னுதான் சொல்வாங்க. ஆனா சின்ன வயசுல அவங்க அப்பா தினம் குடிச்சிட்டு வந்து அடிப்பாராம், அத சொல்லி என்கிட்ட அழுதிருக்காரு. என்கிட்ட மட்டும் குழந்தை மாதிரி இருப்பாரு. ஒரு நாள் ஓட்டல்ல சர்வர் தண்ணி ஊத்துறப்ப டேபிள்ல சிந்திட்டாரு, இவரு டம்ளர எடுத்து அந்த ஆள் மேலயே எறிஞ்சிட்டு அடுத்த செகண்டு என் பக்கம் திரும்பி "உன் மேல படலல்ல?"ன்னு கேட்டாரு. எனக்கு கண்ணு கலங்கிருச்சு. என் போன் பாஸ்வேர்டு அவருக்கு தெரியும். நான் விட்டுட்டு போனா கைய அறுத்துக்குவேன்னு சொல்றாரு. என் அன்பால அவர மாத்திர முடியுமா ஆச்சி?

பதில்: ஆத்தா, உன் கடுதாசிய படிச்சிட்டு அந்த ஓட்டல் விஷயத்துலயே நின்னுட்டேன். நீ அவரு உன்கிட்ட கேட்ட கேள்விய பாத்த, நான் அந்த சர்வர பாக்குறேன். சட்டையெல்லாம் நனைஞ்சு, நாலு பேரு பாக்க, திருப்பி ஒரு வார்த்தை பேச முடியாம நின்ன ஆளு. கோவம் கண்ண மறைச்சிருச்சு, என்ன செய்றோம்னே தெரியலன்னு பின்னாடி சொல்வாங்க, ஆனா அடுத்த செகண்டே குரல தணிச்சு உன்கிட்ட பதமா பேச முடிஞ்சுச்சுல்ல? அப்ப கோவம் அவரு கைலதான் இருக்கு. யார் மேல காட்டலாம், யார் மேல காட்டக்கூடாதுன்னு தெரிஞ்சுதான் காட்டுறாரு. திருப்பி அடிக்க முடியாதவன் மேல காட்டுறாரு. இன்னிக்கு நீ அவருக்கு எதிர்ல உக்காந்திருக்க. கல்யாணம் ஆகி அந்த வீட்டுக்கு போனா தண்ணி ஊத்துறது நீதான் ஆத்தா.

அவரு பட்ட கஷ்டத்த நான் பொய்னு சொல்லல. குடிகார அப்பன்கிட்ட அடி வாங்கி வளர்ற பையனுக்கு உடம்பு எப்பவும் ஒரு பயத்துலயே இருக்கும், சத்தம் கேட்டாலே கை ஓங்கிரும், அத எல்லாம் நானும் பாத்திருக்கேன், அவன நினைச்சா எனக்கும் வயிறு கலங்குது. ஆனா அது காரணம், லைசென்ஸ் கிடையாது. அதே மாதிரி அப்பனுக்கு பொறந்து பாட்டில தொடாம தங்கச்சிய படிக்க வச்ச பசங்க நம்ம ஊர்லயே இருக்காங்க.

ஏன் உன்னால விட முடியலன்னும் சொல்றேன், உனக்கு புத்தி இல்லாததால இல்ல. டட்டன், பெயின்டர்னு ரெண்டு மனோதத்துவ ஆய்வாளர்கள் 1981லயே இத பத்தி எழுதியிருக்காங்க, ஒரே ஆளு மாத்தி மாத்தி பயத்தையும் பாசத்தையும் குடுக்குறப்ப, எப்பவும் நல்லா நடந்துக்கிறவங்க மேல வர்றத விட இறுக்கமான ஒரு பிடிப்பு வந்துரும்னு. ரெண்டு நாள் பேசாம இருந்துட்டு மூணாவது நாள் "சாப்டியா"ன்னு ஒரு மெசேஜ் வந்தா அப்பாடான்னு உயிர் வருதுல்ல, அந்த நிம்மதியத்தான் நீ காதல்னு எடுத்துக்கிற. அந்த ரெண்டு நாள் தவிப்ப குடுத்ததும் அதே ஆளுதான்.

உன் வீட்டையும் ஒரு வார்த்தை கேக்கணும். நம்ம செட்டிநாட்டு பக்கம் வீடு எவ்வளவு பெருசு, முகப்பு, பட்டாலை, வளவு, ரெண்டாங்கட்டுன்னு ஒரு தெருவுல இருந்து அடுத்த தெரு வரைக்கும் போகும், அதுல பாதி ரூம்பு பூட்டித்தான் கிடக்கும். பர்மா, மலாயான்னு ஆம்பளைங்க கொண்டுவிக்க, அதான் கடல் தாண்டி தொழில் பண்ண, போன காலத்துல இருந்து இப்ப துபாய், சிங்கப்பூர் வரைக்கும் வீட்ல பொம்பளைங்க மட்டும்தான். பொண்ணு நல்ல பொண்ணா வளரணும்னு ஒண்ணுமே சொல்லாம வளக்குறாங்க. ஆம்பளன்னா யாரு, எது பாசம், எது அதிகாரம்னு பேச ஒரு ஆளு கிடையாது. அப்படி இருக்குற பொண்ணுகிட்ட முதல் தடவையா ஒருத்தன் வந்து "உன்கிட்ட மட்டும்தான் மனசு விட்டு அழ முடியுது"ன்னா அவ என்ன செய்வா? வெள்ளந்தியா இருக்குறது உன் தப்பு இல்ல. ஆனா அவருக்கு உன்கிட்ட பிடிச்சதே அதுதானான்னு யோசி, ஏன்னா வெளி உலகம் தெரிஞ்ச பொண்ணு போன் பாஸ்வேர்ட குடுக்க மாட்டா, ஏன் கேக்குறன்னு கேப்பா.

வீட்ல தெரிஞ்சா என்ன நடக்கும்னு எனக்கு தெரியும். அவரு வேற சாதிங்கிறதையும், அவரு குடிச்சிட்டு அடிக்கிறாருங்கிறதையும் ஒண்ணா கட்டி ஒரே கத்தலா கத்துவாங்க, நீயும் ரெண்டுக்கும் சேத்து ஒரே பதிலா "நான் அவரத்தான் கட்டுவேன்"னு நிப்ப. நான் பிரிச்சே சொல்றேன். சாதி எனக்கு ஒரு காரணமே இல்ல, கிரீஸ் கையோட வேலை செய்றதும், முடி வளத்து பச்சை குத்தியிருக்கிறதும் ஒரு காரணமே இல்ல. உனக்கு வயசு வந்துருச்சு, 1954ல வந்த சிறப்பு திருமண சட்டத்துல சாதி மதம் எதுவும் கேக்காம 30 நாள் நோட்டீஸ் குடுத்து ரெஜிஸ்டர் பண்ணிக்கலாம், அந்த உரிமைய யாருக்காகவும் விட்டுத்தராத. ஆனா எறிஞ்ச டம்ளரும், வாங்கிக்கிட்ட பாஸ்வேர்டும், கைய அறுத்துக்குவேன்கிற பேச்சும் காரணம்தான்.

இப்ப என்ன செய்ற, முதல்ல பாஸ்வேர்ட மாத்து. கேட்டா "மாத்திட்டேன், சொல்ல மாட்டேன்"னு மட்டும் சொல்லு. சின்னதா ஒரு "முடியாது" சொல்றப்ப ஒரு மனுசன் என்ன ஆகுறான்னு பாத்தா போதும், ஒரு வருஷ காதல்ல தெரியாதது தெரிஞ்சுரும். ஆனா தனியா போயி நேருக்கு நேர் நின்னு சொல்லாத, போன்ல சொல்லு, பக்கத்துல ஒரு ஆள் இருக்கட்டும். ஆத்தாகிட்ட முடியலன்னா சித்தி, காலேஜ் மேடம், கல்யாணமான பிரண்டு யாராவது ஒருத்தருக்கு முழு கதையும் தெரிஞ்சிருக்கணும், பாதி கதை இல்ல.

கைய அறுத்துக்குவேன்கிறத வெறும் மிரட்டல்னு தள்ளாத, உண்மையாவும் இருக்கலாம். அப்படி சொன்னா உடனே அவரு அம்மாவுக்கோ அண்ணனுக்கோ போன் போட்டு சொல்லிரு, 104க்கும் 14416க்கும் கூப்பிடலாம், ரெண்டும் கவர்மெண்ட் உதவி நம்பர், ரெண்டுலயும் தமிழ்ல பேசுவாங்க, காசு கிடையாது. அவரு உயிர காப்பாத்த ஆள் கூட்டுறது உன் கடமை. அதுக்காக அவரோடவே இருக்குறது உன் கடமை இல்ல.

மாறுவாரான்னு கேட்ட. மனுசங்க மாறுவாங்க ஆத்தா, நான் சத்தியமா நம்புறேன். ஆனா நீ பக்கத்துல இல்லாதப்பவும் மாறுறவன்தான் மாறுறவன். அந்த ஓட்டலுக்கு அவரா போயி அந்த சர்வர்கிட்ட மன்னிப்பு கேட்டாரா, நீ சொல்லாம, உன்கிட்ட வந்து சொல்லிக்காம? அத கண்டுபிடி, அப்புறம் எனக்கு எழுது.

கேள்வி (தேவகோட்டை, 27 வயசு ஆண்): ஆச்சி, ஊர்ல என்னைய ரவுடின்னுதான் சொல்வாங்க, சொல்றதுல தப்பும் இல்ல. மெடிக்கல்ல வேலை பாக்குற ஒரு பொண்ணு என்னைய மனுசனா மதிக்குது. அது ரொம்ப அப்பாவி. அதுக்காகவே எல்லாத்தையும் விட்டுறலாம்னு இருக்கேன். நாளையில இருந்து குடிய நிப்பாட்டிட்டு அதுகிட்ட காதல சொல்லவா? பழசையெல்லாம் சொல்லணுமா?

பதில்: தம்பி, இத எழுதணும்னு தோணுச்சே, அதுவே எனக்கு பெரிய சந்தோசம். ரெண்டையும் ஒரே நாள்ல செய்யாதீங்க.

முதல்ல குடி. தினமும் நிறைய குடிக்கிற ஆளா இருந்து, காலைல எந்திரிச்சா கை நடுங்குதுன்னா, வீராப்பா ஒரே நாள்ல நிப்பாட்டுறது ஆபத்து. நிப்பாட்டின முதல் ரெண்டு மூணு நாள்ல வலிப்பு வரலாம், இல்லாதது கண்ணுக்கு தெரியும், காதுல கேக்கும், சில பேருக்கு உயிருக்கே ஆபத்தா போயிரும். கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு போயி மனநல டாக்டர பாக்கணும்னு கேளுங்க, நம்ம மாவட்டத்துக்கு சிவகங்கைல மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியே இருக்கு. அளவா மாத்திரை குடுத்து, பி1 விட்டமின் குடுத்து பதமா இறக்குவாங்க. வீட்ல அம்மாவும் இத படிக்கட்டும்: குடிய மறக்க வைக்கும்னு யாரோ குடுத்த மருந்த சோத்துலயோ காபிலயோ தெரியாம கலந்து குடுக்காதீங்க. சில மருந்து உள்ள இருக்கும்போது குடிச்சா பிரஷர் இறங்கி, நெஞ்சு படபடத்து உயிரே போகலாம். டாக்டர் குடுக்கணும், குடிக்கிறவருக்கு தெரிஞ்சு குடுக்கணும்.

அப்புறம் அந்த பொண்ணு. "அதுக்காக விடுறேன்"னா, நாளைக்கு அது உங்கள வேண்டாம்னு சொன்னா என்ன செய்வீங்க? மறுபடியும் கடைக்கு போயிட்டு "உன்னாலதான்"னு சொல்வீங்க. அந்த பாரத்த ஒரு சின்ன பொண்ணு தலைல வைக்காதீங்க தம்பி. உங்க அம்மாவுக்காக கூட வேண்டாம், உங்க கல்லீரலுக்காக விடுங்க. ஒரு ஆறு மாசம் நில்லுங்க, நடுவுல ஒரு நாள் வழுக்கினாலும் மறுநாள் டாக்டர்கிட்ட போயிருங்க, அதோட எல்லாம் போச்சுன்னு விட்டுறாதீங்க. பழைய கூட்டத்து போன் வந்தா எடுக்காம இருக்க பழகுறதுதான் ரொம்ப கஷ்டம், சாயந்தரம் ஆறு மணிக்கு வேற எங்கயாவது உங்களுக்கு ஒரு வேலை இருக்கணும்.

அப்புறம் சொல்லுங்க, முழுசா சொல்லுங்க. கேஸ் என்ன ஆச்சு, கோர்ட்ல நிலுவைல இருக்கா, எவ்வளவு கடன், கடைசியா எப்ப குடிச்சீங்க, எல்லாம். கண்ண கலக்கி சொல்லாம கணக்கு ஒப்பிக்கிற மாதிரி சொல்லுங்க. ஏன்னா ஆம்பள அழுதா நம்ம பொண்ணுங்க யோசிக்கிறத நிறுத்திட்டு துடைக்க ஆரம்பிச்சிருவாங்க. யோசிக்க அதுக்கு டைம் குடுங்க, வேண்டாம்னு சொன்னா அந்த மெடிக்கல் பக்கம் போகாதீங்க. அப்படி போகாம இருந்தீங்கன்னா நீங்க ரவுடி இல்லைங்கிறத நானே ஊருக்கு சொல்வேன்.

கேள்வி (பள்ளத்தூர், ஒரு ஆத்தா): மக 19. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போன்ல தொடர்கதை. எடுத்து பாத்தா எல்லாத்துலயும் ஹீரோ ஒரு முரடன், பொண்ண மிரட்டுறான், கட்டி இழுக்குறான், கடைசில அவளே அவன திருத்திர்றா. பயமா இருக்கு. எங்க மாமியா "கோவலனே திரும்பி வந்தான்ல"ங்கிறாங்க.

பதில்: போன புடுங்காதீங்க, படிக்கிற பொண்ணு படிக்கட்டும். அந்த கதைல என்ன ருசின்னு நானும் படிச்சு பாத்தவதான். எல்லாரும் பயப்படுற ஒருத்தன் தன்கிட்ட மட்டும் அடங்கிப்போறான்ங்கிறது, வீட்ல ஒரு பேச்சும் எடுபடாத பொண்ணுக்கு எவ்வளவு பெரிய கனவு! அத கேவலமா பேசாதீங்க. ஆனா பக்கத்துல உக்காந்து ஒண்ணு மட்டும் கேளுங்க. கதைல அவன் கத்தினதுக்கு அடுத்த அத்தியாயத்துலயே அவன் மனசுக்குள்ள என்ன ஓடுச்சுன்னு எழுத்தாளரே சொல்லிர்றாங்க, உள்ளுக்குள்ள அவ்வளவு காதல்னு நமக்கு முன்னாடியே தெரிஞ்சுருது. நெசத்துல அந்த அத்தியாயத்த யாரு எழுதி குடுப்பா? நம்ம பொண்ணுங்களே மனசுக்குள்ள எழுதிக்கிறாங்க, அவன் நினைக்காததையெல்லாம் அவனுக்காக. இத சொல்லிட்டு அவ என்ன சொல்றான்னு கேளுங்க, நடுவுல குறுக்க பேசாம.

மாமியா சொன்னதுக்கு. நம்ம பூர்வீகமே காவிரிப்பூம்பட்டினம்னு சொல்லிக்கிற நகரத்தார் ஆளுக நாம, அதனால அந்த கதை நமக்கு கிட்டத்து சொந்தம். கல்யாணத்தப்ப கண்ணகிக்கு வயசு 12, கோவலனுக்கு 16. அவன் திரும்பி வந்தப்ப சொத்து எல்லாம் கரைஞ்சுபோச்சு, மிஞ்சினது அவ கால் சிலம்பு, அதையும் கழட்டி குடுத்தா. மனசார வருந்தினான், அது நெசம். ஆனா அவன் திருந்தினப்புறம் அவளுக்கு கிடைச்ச வாழ்க்கை மதுரைக்கு நடந்த நடை மட்டும்தான். மாமியாகிட்ட சண்டை போடாதீங்க, இத மட்டும் பேத்தி காதுல விழுற மாதிரி சொல்லுங்க.

கேள்வி (கானாடுகாத்தான், 20 வயசு): என் பிரண்டு ஒருத்தன விட்டு விலகிட்டா. இப்ப அவன் பழைய போட்டோவ வெளிய விடுவேன்னு மிரட்டுறான். வீட்ல சொல்ல பயப்படுறா.

பதில்: காசு குடுக்கக்கூடாது, கெஞ்சக்கூடாது, கடைசியா ஒரு தடவை பாக்கலாம் வான்னா போகவே கூடாது. அவன் அனுப்பினத எதையும் டெலிட் பண்ணாம ஸ்கிரீன்ஷாட் எடுத்து உன் போன்லயும் ஒரு காப்பி வச்சுக்க, அவன் நம்பர், தேதி, நேரம் தெரியணும். அந்தரங்க படத்த சம்மதம் இல்லாம வெளிய விட்டா ஐ.டி. சட்டம் 66இ பிரிவுல மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். படத்த அவளே குடுத்திருந்தாலும் குத்தம் அவன் மேலதான். 181க்கு கூப்பிடுங்க, அது பெண்களுக்கான நம்பர், ராத்திரியும் எடுப்பாங்க. cybercrime.gov.in தளத்துல பேரு சொல்லாமயும் புகார் பதியலாம். StopNCII.orgனு ஒரு தளம் இருக்கு, 18 வயசு தாண்டினவங்களுக்கு, அதுல படம் போன விட்டு எங்கயும் போகாது, அதுல இருந்து எடுத்த அடையாள குறியீடு மட்டும் போயி பேஸ்புக், இன்ஸ்டா மாதிரி இடத்துல அந்த படம் ஏறாம தடுக்கும். இன்னிக்கு சாயந்தரமே அவகூட உக்காந்து இதெல்லாம் பண்ணிருங்க. வீட்ல சொல்ற அன்னிக்கு அவகூட நீயும் போ, அவ ஆத்தா முதல்ல கத்துவாங்க, எந்திரிச்சு வந்துராத, கத்தி முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திரு.