பொறி நிறைய வண்டு, ஆனாலும் பக்கத்து ஸ்ப்ரூஸ் சாகிறதே?

ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தில் வண்டுப் பொறியைத் தொங்கவிட்டும் பக்கத்து மரம் சாகிறது என்று கேட்டிருந்தீர்கள்; காற்றில் இரண்டு மரங்கள் சாய்ந்து விழுந்ததையும் சொல்லியிருந்தீர்கள்.

முதலில் பொறியை அந்த ஸ்ப்ரூஸ் மரத்திலிருந்து கழற்றுங்கள். பொறியில் வைக்கும் பெரோமோன் (வண்டுகள் ஒன்றையொன்று அழைக்க விடும் வாசனைப் பொருள்) வாசனைக்கு வரும் பட்டை வண்டுகள், அதாவது மரப்பட்டைக்குள் துளைத்து வாழும் வண்டுகள், எல்லாம் பொறிக்குள் விழுவதில்லை. தப்பியவை பக்கத்து மரத்தில்தான் ஏறும். நல்ல மரங்களிலிருந்து குறைந்தது 10 மீட்டராவது தள்ளி வையுங்கள்.

ஆனால் ஊற்றுக்கண், நீங்கள் போகிறபோக்கில் சொன்ன, காற்றில் சாய்ந்து விழுந்த அந்த இரண்டு மரங்களாகத்தான் இருக்கும். விழுந்த மரத்தில் பிசின் எதிர்ப்பு இருக்காது. முதலில் துளைக்கும் ஆண் வண்டு வாசனை விட்டு மற்றவற்றையும் அழைக்கும்.

மழையில்லாத நாளில் பச்சையாக நிற்கும் மரங்களின் அடிப்பகுதியைப் பாருங்கள். பட்டை இடுக்கிலும் சிலந்தி வலையிலும் காப்பித்தூள் மாதிரி பழுப்புத் தூள் இருந்தால் வண்டு உள்ளே போய்விட்டது. அந்த மரத்தை உடனே வெட்டிப் பட்டையை உரியுங்கள். வெள்ளைப் புழுக்கள் காய்ந்து சாகும். வண்டாகவே மாறியிருந்தால் உரித்தது போதாது, பட்டையை எரிக்கவோ அப்புறப்படுத்தவோ வேண்டும்.

கோடையில் ஊசியிலை சிவந்த மரத்தை வெட்டுவது பெரும்பாலும் வீண் வேலை, வண்டு பறந்திருக்கும். குளிர்காலமென்றால் மட்டும் பட்டையைப் பெயர்த்துப் பார்த்து முடிவெடுங்கள், உள்ளே தங்கியிருக்கலாம்.