இனவெறிக்கு எதிரான போராட்டத்தில் உளவியலாளர்களுக்கு என்ன வேலை?

ஊர்வலத்தில் பதாகை பிடிப்பதைத் தாண்டி அவர்களால் என்ன செய்ய முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் செய்தே காட்டியிருக்கிறார்கள். கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதி 1940களில், நிறத்தைத் தவிர எல்லாம் ஒன்றுபோல இருக்கும் பொம்மைகளைக் கறுப்பினக் குழந்தைகள் முன் வைத்து எது நல்லது, எது கெட்டது என்று கேட்டார்கள்; பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைத்தான் நல்லது என்றன. அப்புறம் ‘இதில் எது உன்னைப் போல இருக்கிறது?’ என்றதும் சில குழந்தைகள் அழுதுகொண்டே அறையை விட்டு ஓடியிருக்கின்றன. (படித்தபோது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.)

ஆய்வு அலமாரியில் தூங்கவில்லை. பள்ளிகளில் நிறப் பிரிவினைக்கு எதிரான வழக்கில் கென்னத் சாட்சி சொன்னார்; அந்தப் பிரிவினை செல்லாது என்ற 1954 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் அடிக்குறிப்பில் அவர் எழுதியதும் இடம்பெற்றது. அதற்கு முன்பே, 1946இல், இருவரும் நியூயார்க்கில் கறுப்பின மக்கள் அதிகம் வாழ்ந்த ஹார்லெம் பகுதியில் குழந்தைகளுக்கான மனநல மையம் தொடங்கிவிட்டார்கள், என்னைக் கேட்டால் அதுதான் பெரிய வேலை.

சரி, இந்தத் துறை மட்டும் யோக்கியமா? அடிமைகள் தப்பி ஓடுவதையே ஒரு மனநோய் என்று 1851இல் கார்ட்ரைட் என்ற மருத்துவர் பெயர் வைத்து எழுதினார். இனவெறிக்குத் துணைபோனதற்காக அமெரிக்க உளவியல் சங்கம் மன்னிப்புக் கேட்டது 2021இல்தான்.